இடது பக்கக் கண்ணாடி

என் வீட்டுக்காரர் மதலைமுத்துவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று லிங்கராஜபுரத்தில் பாதிப் பேர் சத்தியம் பண்ணுவார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை வரைக்கும் நானும் பண்ணியிருப்பேன்.

எங்களிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. காலையில் தெருத்தெருவாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மேம்பாலம் ஏறி இறங்கி, காக்ஸ் டவுன் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவோம். அவர் ஓட்டுவார். நான் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஜன்னல் சீட் பஞ்சாயத்தைத் தீர்ப்பேன், மூக்கைத் துடைத்துவிடுவேன், கதவைச் சாத்துவேன். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து அவர் ஓட்டாத வண்டி இல்லை. கடைசியில் இந்தப் பிள்ளைகள் வண்டியில்தான் மனுஷன் நிலைத்தார். இது போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அன்றைக்கென்று பார்த்து இரண்டு வாண்டுகள் ஜன்னல் சீட்டுக்காக ஒருத்தர் முடியை ஒருத்தர் பிடித்துக்கொண்டன. நான் குனிந்து அதுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஆஷ்லி வீட்டு வாசலில் நின்றிருந்தது. ஆஷ்லி யூகேஜி படிக்கிறாள். வெயிலோ மழையோ, சிவப்பு ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர மாட்டாள். நான் நிமிர்வதற்குள் முன்னாலிருந்து, "எல்லாம் ஏறியாச்சு, போலாம்" என்று அவர் குரல் கேட்டது. வண்டி நகர்ந்துவிட்டது. ஆஷ்லியின் ஒரு கால் படியில் இருந்தது, இன்னொரு கால் ரோட்டில் இருந்தது.

எப்படித் தாவினேன் என்று எனக்கே தெரியாது. ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். நான் போட்ட சத்தத்தில் வண்டி குலுங்கி நின்றது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மாதாவுக்கு நன்றி. அவள் தண்ணீர் பாட்டில் மட்டும் பின்சக்கரத்துக்கு அடியில் போய்ச் சப்பையாகிவிட்டது.

"கண்ணாடியில பாத்துட்டுத்தான் எடுத்தேன் லிசி. யாரும் இல்ல" என்றார். "கண்ணாடி ஒரே தூசியா கீது."

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, நான் போய் அந்த இடது பக்கக் கண்ணாடி முன்னால் நின்றேன். முந்தின நாள் பூசைக்குப் போகும்முன் நானே ஈரத்துணி போட்டுத் துடைத்த கண்ணாடி அது. என் நரைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தூசியாவது மண்ணாவது.

இவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். எடுத்தது ஒரு பெரிய கண்ணாஸ்பத்திரியில். அங்கே டாக்டராக இருக்கிற அனுஷா வேறு யாருமில்லை, இவரோடு சுரங்கத்தில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த உத்தமனின் மகள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அவர்கள் வீட்டில் புத்தர் படம், எங்கள் வீட்டில் மாதா படம், நடுவில் ஒரு சுவர். அனுஷா தவழ்ந்ததே பாதி எங்கள் வீட்டில்தான். உத்தமன் மகளை டாக்டராகப் பார்க்காமலே, நெஞ்சில் சுரங்கத் தூசி அடைத்துச் செத்துப்போனார். அந்த வருத்தம் இவருக்கு இன்னமும் உண்டு.

புரை எடுத்துவிட்டு உள்ளே ஒரு செயற்கை லென்ஸ் வைப்பார்கள். அது உட்காருகிற மெல்லிய பைக்கு முன்னால் ஒரு சவ்வு, பின்னால் ஒரு சவ்வு. கொஞ்ச காலம் போனால் பலருக்கு அந்தப் பின் சவ்வில் மங்கல் படிந்துவிடுகிறது, சமையல்கட்டு ஜன்னலில் புகை படிகிற மாதிரி. ஜனங்கள் புரை மறுபடி வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அது படியாமல் தடுக்க, லென்ஸோடு சேர்த்து உள்ளே வைக்கிற மாதிரி ஒரு சின்ன வளையத்தை அனுஷாவும் அவளோடு இருக்கிறவர்களும் செய்திருந்தார்கள். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்த ஆராய்ச்சி. இவரைப் போலச் சம்மதித்தவர்களுக்கெல்லாம் ஒரு கண்ணில் வளையம் வைப்பார்கள், மறு கண்ணில் வைக்க மாட்டார்கள். எந்தக் கண் என்பது ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் சுந்தரேசனுக்கு மட்டும் தெரியும். கண்ணுக்குச் சொந்தக்காரருக்கும் தெரியாது, பிறகு சோதித்துப் பார்க்கிற அனுஷாவுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒருபக்கமாகச் சாயும் என்று அவளே எங்களுக்கு விளக்கியிருந்தாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்வந்தார். ஒவ்வொரு தடவையும், "ரெண்டு கண்ணுலயும் கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன்" என்று மார்க் ஷீட் கொண்டுவந்த பையன் மாதிரி சொல்வார். நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் டீயோடு உட்கார்ந்திருந்தபோது நான் சத்தம் போடாமல் பின்னால் போய் அவர் வலது கண்ணைப் பொத்தினேன். இன்னொரு கையை முன்னால் நீட்டினேன்.

"கையில இன்னா வச்சினு இருக்கேன், சொல்லுங்க."

"இன்னாடி இது விளையாட்டு. கரண்டி."

"நல்லா பாத்து சொல்லுங்க."

"தெரியுதே. டம்ளரு."

அது அவருடைய வேன் சாவி. வேளாங்கண்ணி மாதா படம் தொங்குகிற சாவிக்கொத்து. சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்திருந்தேன். கையை எடுத்துவிட்டு அதை டீபாயின் மேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு டீயைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரியில மட்டும் எப்படி வாசிச்சீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு செக்கப்புக்கு முந்தின நாளும் முகம் மழித்துக்கொண்டே இவர் எதையோ முணுமுணுப்பார். நான் ஜெபமாலை சொல்கிறார் என்று நினைத்து ரேடியோவைக் குறைப்பேன். ப, ட, ம, ந, ர, ல என்று மாதா ஜெபத்தில் எங்கே வருகிறது? எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

"போர்டை மனப்பாடம் பண்ணிக்கினீங்களா?"

"வலது கண்ணைத்தான் முதல்ல பாப்பாங்க" என்றார் மெதுவாக. "ரெண்டு கண்ணுக்கும் அதே தமிழ் போர்டுதான். ரைட்ல வாசிக்கிறதை லெஃப்ட்ல சொல்லிடுவேன்."

"எத்தனை நாளா?"

"போன வருஷத்துலேந்து மங்கலாத்தான் கீது. வெயில் அடிச்சா ஒண்ணுமே தெரியாது. வெள்ளையா பூத்துனு வருது."

காலையில் தெற்கே போகும்போது இடது பக்கமிருந்துதான் வெயில் வரும். இடது பக்கம்தான் வேன் கதவு. இடது பக்கம்தான் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். ஒரு வருஷமாக நான் அந்த வண்டிக்குள் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போயிருக்கிறேன்.

"ஏன்? எதுக்காக இந்தப் பொய்?"

அவர் சொன்ன காரணத்தைக் கேட்டால் யாருக்கும் பற்றிக்கொண்டு வரும். இடது கண் ஆபரேஷன் ரொம்ப நேரம் பிடித்ததாம். சுந்தரேசன் டாக்டர், மெதுவா, மெதுவா என்று யாரிடமோ சொன்னது இவர் காதில் விழுந்ததாம். அதனால் வளையம் இடது கண்ணில்தான் இருக்கிறது என்று இவர் தானே முடிவு கட்டிவிட்டார். அந்தக் கண் மங்கிப்போனது என்று தெரிந்தால் அனுஷாவின் வளையம் தோற்றுப்போகும். இவர் உயிரோடு இருக்கும்போது உத்தமன் மகள் தோற்கக் கூடாது.

"அப்பன் இல்லாத பொண்ணு லிசி. ராத்திரி பகல் பாக்காம உழைக்குது. என் கண்ணால அது கெடணுமா?"

எனக்கு இது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சுரங்கத்தில் இவர்களுக்கு ஒரு பழக்கம். ஷிஃப்டில் ஒருத்தன் கண்ணயர்ந்துபோனாலும், கருவியை உடைத்தாலும், கூட இருக்கிறவன் மூடி மறைத்துவிடுவான். கூண்டில் ஏறி மேலே வந்தபிறகு மேஸ்திரி தலைகீழாக நின்று கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். உத்தமன் இவருக்காக மறைத்திருக்கிறார், இவர் உத்தமனுக்காக மறைத்திருக்கிறார். அதே கணக்கை இவர் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்.

"அந்தப் பொண்ணுக்காக ஆஷ்லியை சக்கரத்துல விடுவீங்களா?"

"அப்படி சொல்லாத."

"வேற எப்படி சொல்றது?"

"வியாழக்கிழமை கடைசி செக்கப். அதோட அது வேலை முடிஞ்சுடும். மறுநாளே நானே போய் கண்ணைக் காட்டிக்கிறேன். ரைட் கண்ணு நல்லாத்தானே கீது, அதுவரைக்கும் மெதுவா ஓட்றேன்."

"ரைட் கண்ணு நல்லா இருந்தா ஆஷ்லியை ரைட் பக்கமா ஏறச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, சாவிக்கொத்தை எடுத்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். "கண்ணு தெளிவா தெரியற வரைக்கும் இந்த வண்டி கிளம்பாது. நீங்க சொல்லலைன்னா அனுஷாகிட்ட நான் சொல்வேன்."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாவியைக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை, பக்கத்துத் தெருவில் வேன் ஓட்டுகிற வெங்கியைப் பிடித்து, எங்கள் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். அம்மாமார்கள் கேட்டார்கள். வண்டி ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் ஒரு பொய் போதும் என்று, "ஓட்றவருக்குக் கண்ணு சரியில்ல, சரியானதும் வருவாரு" என்றே எல்லோரிடமும் சொன்னேன். ஆஷ்லியின் அம்மாவிடம் திங்கட்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கத்தியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கத்தவில்லை.

"சொன்னதுக்குத் தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். "ஆனா இனிமே உங்க வண்டியில அனுப்பறது கஷ்டம்."

வீட்டுக்கு வந்து அவரிடம் அதை அப்படியே சொன்னேன். சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து டீபாயின் மேல் வைத்தார். ஆஷ்லி அவருக்குச் செல்லம். தினமும் அவளுக்காகச் சட்டைப்பையில் ஒரு மிட்டாய் வைத்திருப்பார்.

வியாழக்கிழமை பஸ்ஸில் போகும்போது அவரிடம் சொன்னேன். "முதல்ல நீங்களே சொல்லிடுங்க. உங்க வாயால வந்தா நல்லது." அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். சொல்வார் என்றுதான் நான் நம்பினேன்.

அனுஷாவின் அறை சின்னது. ஒரு பக்கம் நாற்காலி, எதிர்ச்சுவரில் உள்ளே விளக்கு எரிகிற போர்டு, அதில் பெரிதிலிருந்து சின்னதாகத் தமிழ் எழுத்துகள். அனுஷா களைத்துப்போயிருந்தாள், இருந்தாலும் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க பெரியம்மா. கடைசி தடவையாவது நீங்க வந்தீங்களே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கடைசி வரி வரைக்கும் தடையில்லாமல் வாசித்தார். பிறகு வலது கண்ணை மூடினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். தொண்டையைச் செருமினார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ப, ட, ம, ந என்று ஆரம்பித்தார். அதே வேகம், அதே ராகம், ஒரு எழுத்து பிசகவில்லை.

அனுஷா விளக்கோடு இருக்கிற கருவியில் அவர் மோவாயை வைக்கச் சொல்லி, இடது கண்ணை ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது.

"போன தடவையே பின்னால ஸ்வல்ப மங்கல் இருந்துச்சு. நீங்க நல்லா வாசிச்சதால லேசர் வேணாம்னு விட்டேன். இப்ப ஜாஸ்தி ஆயிருக்கே. நெஜமா தெரியுதா பெரியப்பா?"

"சூப்பரா தெரியுதும்மா."

நான் எழுந்து நின்றேன்.

"அனுஷா, கன்னட போர்டு இருக்குதா?"

"இருக்கு பெரியம்மா. ஏன்?"

"உங்க பெரியப்பாவுக்குக் கன்னடமும் நல்லா வாசிக்க வரும். பஸ் போர்டெல்லாம் அதுல பாத்துத்தான் ஏறுவாரு. இடது கண்ணுக்கு அதை வை."

"சும்மா இருடி" என்றார் அவர்.

"சும்மாதான் இருந்தேன், ஒரு வருஷமா."

அனுஷா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போர்டை மாற்றினாள். அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே பார்த்தார். முதல் எழுத்து பெரிசு, அதைச் சொன்னார். இரண்டாவது வரியில் ஏதோ சொன்னார், தப்பு என்று அனுஷாவின் முகத்திலேயே தெரிந்தது. மூன்றாவது வரிக்கு வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தமிழ் போர்டை மனப்பாடம் பண்ணிட்டாரு" என்றேன். "வளையம் அந்தக் கண்ணுலதான்னு நெனச்சினு, உன் மானத்தைக் காப்பாத்தறாராம்."

அவள் அழுவாள் அல்லது சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. உத்தமனுக்குக் கோபம் வந்தால் எப்படிக் காது சிவக்குமோ அப்படி அவள் காது சிவந்தது.

"இடது கண்ணுலதான்னு யார் பெரியப்பா சொன்னது? எனக்கே தெரியாது."

"நேரம் புடிச்சுதேம்மா..."

"உங்களுக்கு இடதுல புரை கெட்டியா இருந்துச்சு. அதான் நேரம் ஆச்சு." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். "சரி, நீங்க சொல்ற மாதிரியே வளையம் இடதுலதான் இருக்குன்னு வச்சுக்கலாம். அது மங்கிடுச்சு, நீங்க மறைச்சுட்டீங்க. நான் நல்லா வேலை செய்யுதுன்னு எழுதுவேன். அப்புறம் அதை எத்தனை பேர் கண்ணுல வைப்பாங்க, நெனச்சீங்களா? இல்ல, வளையம் வலதுல இருந்தா? வளையமில்லாத கண்ணும் ஜோரா தெரியுதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அப்ப என் வளையம் எதுக்குன்னு தூக்கிக் குப்பையில போடுவாங்க. எப்படிப் பாத்தாலும் நீங்க என்னைக் கெடுத்துட்டீங்க."

அவர் தலை குனிந்தது. "உங்கப்பனை நான் ஒருநாளும் காட்டிக் குடுத்ததில்லம்மா" என்றார்.

"தெரியும். அவரும் உங்களைக் காட்டிக் குடுத்ததில்ல. ஆனா பாறையில சத்தம் கேட்டா எங்கப்பா இன்னா பண்ணுவாரு? நீங்கதான் சொல்லியிருக்கீங்க, அவரு சாவு வீட்டுல உக்காந்துனு. மேஸ்திரி திட்டுவான்னு பாக்காம, வேலை நிக்கும்னு பாக்காம, கத்திக் கூப்பிட்டு எல்லாரையும் வெளிய இட்டுனு வந்தாரு. அதனாலதான் நீங்க உசுரோட கீறீங்க." அவள் குரல் உடைந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "உங்க கண்ணு மங்கினா அது யாரோட தப்பும் இல்ல. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அது பாறைச் சத்தம். அதைத்தான் நீங்க என்கிட்ட சொல்லியிருக்கணும். வளையம் தோத்தா தோத்துச்சுன்னு எழுதிட்டு, வேற வளையம் பண்ணுவேன். நான் விட்டுட்டுப் போறவ இல்ல."

நான் எதுவும் பேசக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன், எனக்கு அது சுலபமில்லை.

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளங்கையால் வலது கண்ணை அழுத்திப் பொத்திக்கொண்டார்.

"முதல்லேந்து ஆரம்பிம்மா. தெரியறதை மட்டும் சொல்றேன்."

அனுஷா எழுந்து போய் போர்டின் பக்கத்தில் நின்றாள். அவர் முதல் எழுத்தைச் சொன்னார். இரண்டாவது வரியில் ஒன்றைச் சொன்னார். "அடுத்தது தெரியல. அதுக்கடுத்ததும் தெரியல. கீழ எல்லாம் ஒரே வெள்ளை" என்றார். இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் எதையாவது முடியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பெருமையாக இருந்தது.

அன்றைக்கே லேசர் செய்தார்கள். இன்னொரு ஆபரேஷன் என்று பயந்துகொண்டு, போகும்போது என் கையை விடவில்லை. நான் காண்டீனில் ஒரு காபி வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். மங்கிய சவ்வின் நடுவில் ஒளியாலேயே ஒரு சின்ன ஓட்டை போட்டு விட்டார்களாம், கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. இதற்கா ஒரு வருஷம் மறைத்தீர்கள் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்டும்விட்டேன்.

ஆனால் அனுஷாவுக்கு அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. நடந்ததை மேலே சொல்லியே ஆக வேண்டும் என்றாள். எங்களுக்காகவாவது விடேன் என்று இவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இவரைப் போல வேறு யார் யார் போர்டை மனப்பாடம் பண்ணினார்களோ என்று, ஆராய்ச்சியில் இருந்த எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு, கண்ணுக்கு ஒரு போர்டு என்று மாற்றி வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. வேலை பல மாதம் தள்ளிப்போயிற்று. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. போனில் கேட்டால், "நடந்துனு இருக்கு பெரியம்மா" என்பாள்.

கண் நன்றாகத் தெளிந்துவிட்டது, வண்டி ஓட்டலாம் என்று அவள் சொன்ன பிறகு வந்த திங்கட்கிழமை, நான் சாவியை அவரிடம் கொடுக்காமல், அவரைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வெங்கியிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்து ஆஷ்லி வீடு வரைக்கும் ஓட்டச் சொன்னேன். ஒரு தடவை வந்து பாருங்கள் என்று நான் முன்பே சொல்லிவைத்திருந்ததால், வாசலில் அவள் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஷ்லி அவள் பின்னால் ஒளிந்திருந்தாள். வெங்கி இறங்க, இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். காலை வெயில் இடது பக்கமிருந்து நேராக அடித்தது. நான் இவர் வலது கண்ணைப் பொத்தினேன்.

"கண்ணாடியில பாத்து சொல்லுங்க. யார் நிக்கிறா?"

இவர் இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

"ஆஷ்லி அம்மா நிக்கிறாங்க. பின்னால ஆஷ்லி. சிவப்பு ஸ்வெட்டர்ல மேல் பட்டன் போடல. ஒரு சாக்ஸ் கீழ இறங்கிக் கெடக்குது."

ஆஷ்லி குனிந்து காலைப் பார்த்துவிட்டு சாக்ஸை மேலே இழுத்துக்கொண்டாள். அவள் அம்மா எங்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கேட்டைத் திறந்தாள். நான் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மாதா படம் போட்ட சாவியை எடுத்து இவர் கையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆஷ்லி வீட்டு வாசலில் நான் அவர் கண்ணைப் பொத்துவேன், அவர் முனகிக்கொண்டே சொல்வார். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. எனக்கு அது விளையாட்டில்லை.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அனுஷா வாசலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கணக்கும் முடிந்து, யாருக்கு எந்தக் கண் என்று சுந்தரேசன் டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"உங்களுக்கு வளையம் வலது கண்ணுல பெரியப்பா."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உன் வளையம் இருக்கிற கண்ணுல பாத்துக் காப்பி அடிச்சு, இல்லாத கண்ணுக்கு மார்க் வாங்கிக் குடுத்திருக்காரு இந்த மனுஷன்."

அனுஷாவும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருத்தர் கண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றாள். மொத்தமாகப் பார்த்தால், வளையம் வைத்த கண்களில் லேசர் தேவைப்பட்டது குறைவுதான். ஆனால் இரண்டு வருஷம் போதாது. இன்னும் நிறையப் பேரை, இன்னும் பல வருஷம் பார்த்தால்தான் நம்பலாம். அடுத்த மாதமே ஆரம்பிக்கிறாள். அவளுக்குத் தூக்கம் இல்லாத கண், ஆனால் குரலில் ஒரு தளர்ச்சியும் இல்லை.

"வருஷா வருஷம் வந்து கண்ணைக் காட்டுவீங்களா பெரியப்பா?"

"வர்றேம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றேன்" என்றார்.

அவள் போன பிறகு, அவள் உட்கார்ந்திருந்த வாசற்படியிலேயே அவர் உட்கார்ந்துகொண்டார். உத்தமனை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆஷ்லி வீட்டு வாசலில் வண்டி நின்றது. பின்னாலிருந்து நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அதற்குள் அவரே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஷ்லி ஏறி, உட்கார்ந்து, நான் கதவைச் சாத்துகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

"ரெண்டு சாக்ஸும் மேலதான் கீது" என்றார். பிறகுதான் வண்டியை எடுத்தார்.